மருத்துவக் காப்பீட்டில் போட்டியாளரை எங்கே தேடுவது, எப்படி அளப்பது

நடுத்தர அளவுள்ள ஒரு பொதுக் காப்பீட்டு (ஆயுள் காப்பீடு தவிர்த்த மற்றக் காப்பீடுகளை விற்கும்) நிறுவனத்தின் திட்டமிடல் பிரிவில் அண்மையில் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மருத்துவக் காப்பீட்டுக்குப் போட்டியாளர் பகுப்பாய்வு ஒன்று தயாரிக்கும்படி மேலிடம் சொல்லியிருக்கிறது. அவரும் எல்லா நிறுவனங்களின் சந்தைப் பங்கு, பிரீமியம், பாலிசி அம்சங்கள் ஆகியவற்றைத் திரட்டிப் பெரிய அட்டவணை ஒன்றைப் போட்டுவிட்டார். ஆனால் அந்த அட்டவணையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்கிறார். வேறு எதைப் பார்க்க வேண்டும், தகவல் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்.

அட்டவணையில் பிழை இருக்காது. ஆனால் காப்பீட்டுத் தொழிலுக்கு அது போதாது. சோப்பு விற்பவருக்குத் தன் சரக்கின் அடக்க விலை விற்பதற்கு முன்பே தெரியும். காப்பீட்டில் விலையை முதலில் சொல்லிவிடுகிறோம். அடக்கம் என்னவென்பது கிளெய்ம்கள் வந்த பிறகுதான், சில நேரம் ஆண்டுகள் கழித்துத்தான், தெரிகிறது. ஆகவே ஒரு போட்டியாளர் வேகமாக வளர்கிறார் என்பது அவருடைய திறமைக்கும் சான்றாக இருக்கலாம், விலையைத் தவறாகக் கணித்து ஊரில் உள்ள நோயாளிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கும் சான்றாக இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத பகுப்பாய்வு மேலிடத்தைத் தவறான திசையில் தள்ளிவிடும். உங்கள் வேலையின் மையம் இதுதான் என்பது என் கருத்து.

முதலில், போட்டியாளர் யார் என்பதை நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்நிறுவனங்களின் கூட்டமைப்பான பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் மாதந்தோறும் வெளியிடும் பிரீமியப் பட்டியலில் மருத்துவக் காப்பீடு தனிநபர், குழு, அரசுத் திட்டம், வெளிநாட்டுப் பயணம் என்று பிரித்தே காட்டப்படுகிறது. தனிநபர் பிரிவில் முதலிடம் ஸ்டார் ஹெல்த்துக்கு. நிறுவன ஊழியர்களுக்கான குழுக் காப்பீட்டில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் மிகப் பெரியது. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துச் சந்தைப் பங்கை ஒப்பிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. ஒன்றில் முகவர் வீடு தேடிப் போய் ஒவ்வொரு குடும்பமாகச் சேர்க்கிறார். மற்றதில் புரோக்கர் ஒருவர் ஐந்தாறு நிறுவனங்களிடம் கொட்டேஷன் வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை விலையைக் கசக்கிப் பிழிகிறார். இரண்டும் வெவ்வேறு வியாபாரங்கள்.

அரசுத் திட்டத்தை முழுவதுமாகத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அங்கே ஒரே டெண்டரில் நிலைமை தலைகீழாகிவிடும். தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தியது ஸ்டார் ஹெல்த். ஆட்சி மாறி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது அது யுனைடெட் இந்தியாவிடம் போனது. இரண்டுக்கும் தலைமையகம் சென்னைதான். அந்த ஆண்டுகளின் மொத்தச் சந்தைப் பங்கை மட்டும் பார்க்கிறவர், ஒரு நிறுவனம் சரிந்தது என்றும் இன்னொன்று எழுந்தது என்றும் எழுதுவார். தனிநபர் பாலிசி விற்பனையில் யார் முன்னேறினார்கள் என்பதற்கும் அந்த ஏற்ற இறக்கத்துக்கும் தொடர்பு கிடையாது.

தனிநபர் பிரிவில் உங்கள் உண்மையான போட்டியாளரைக் காட்டும் ஆவணம் வெளியே எங்கும் இல்லை. உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. மருத்துவ பாலிசியை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 2011 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ளது. உங்களிடமிருந்து யார் எங்கே போனார்கள், யார் எங்கிருந்து வந்தார்கள் என்ற போர்ட்டபிலிட்டிப் பதிவு முழுவதும் உங்கள் கணினியில் இருக்கிறது. அதை ஊர், வயது, கவரேஜ் தொகை, விற்ற முகவர் வழி என்று பிரித்துப் பாருங்கள். மேலிடம் தினமும் பெயர் சொல்லிப் பயப்படும் நிறுவனத்துக்கு மிகச் சிலரே போயிருக்கலாம். யாரும் கவனிக்காத ஒருவர் மதுரையிலும் சேலத்திலும் நாற்பது வயதுக்குக் குறைந்த, கிளெய்ம் எதுவும் வாங்காத குடும்பங்களைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கலாம். போனவர்களின் கடந்த கிளெய்ம் விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆரோக்கியமானவர்கள் போய், நோயுள்ளவர்கள் மட்டும் உங்களிடம் தங்குகிறார்கள் என்றால், எண்ணிக்கையில் இழப்பு சிறிதாகவே இருந்தாலும் இரண்டு ஆண்டுகளில் உங்கள் கிளெய்ம் விகிதம், அதாவது பிரீமியத்தில் கிளெய்ம்களுக்குப் போகும் பங்கு, அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது விற்பனை வழி. எந்த பாலிசி சிறந்தது என்று வாடிக்கையாளர் பத்து நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பாலிசிபஜார் போன்ற தளங்களில் நடக்கலாம். முகவரிடமும் வங்கியிலும் பெரும்பாலும் நடப்பதில்லை. தனிநபர் முகவர் ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், மருத்துவக் காப்பீட்டை மட்டும் விற்கும் ஒரு தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஆகியவற்றுக்கு மட்டுமே விற்க முடியும். வங்கி போன்ற கார்ப்பரேட் முகவர்கள் 2022 இறுதியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒன்பது நிறுவனங்கள் வரை சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதால் கவுன்டரில் ஒன்பது பெயரும் சமமாக ஒலிப்பதில்லை. வங்கியே பங்கு வைத்திருக்கும் நிறுவனம் எது என்று பாருங்கள். யுனிவர்சல் சோம்போவில் இந்தியன் வங்கிக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் முதலீட்டுத் தொடர்பு உண்டு. மோட்டார் பக்கம் இது இன்னும் வெளிப்படை. வண்டிக் கடன் கொடுக்கும் சோழமண்டலம், ஸ்ரீராம், சுந்தரம் குழுமங்கள் ஒவ்வொன்றுக்கும் சொந்தக் காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. கடன் கையெழுத்தாகும் மேசையிலேயே பாலிசியும் எழுதப்படும்போது, உங்கள் விலை ஐநூறு ரூபாய் குறைவாக இருந்தாலும் அந்த வாடிக்கையாளர் அதைக் கேட்கவே போவதில்லை. இப்படி அடைத்து வைக்கப்பட்ட சந்தை எவ்வளவு, திறந்திருப்பது எவ்வளவு என்று கழித்துவிட்டு எஞ்சியதில் உங்கள் பங்கைக் கணக்கிட்டால், மேலிடத்துக்குப் புதிய செய்தி ஒன்று கிடைக்கும்.

இதற்கான தகவலைத் தேடி நீங்கள் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் காலாண்டுதோறும் தன் இணையதளத்தில் பொது வெளிப்பாட்டுப் படிவங்களைப் போட வேண்டும். பொதுக் காப்பீட்டுக்கு என்.எல். வரிசை, ஆயுள் காப்பீட்டுக்கு எல். வரிசை. பிரீமியம், கிளெய்ம், கமிஷன், நிர்வாகச் செலவு ஆகியவற்றோடு மாநில வாரி வணிகம், விற்பனை வழி வாரி வணிகம், கிளெய்ம்கள் எத்தனை நாளாக நிலுவையில் உள்ளன, புகார்கள் எப்படித் தீர்க்கப்பட்டன என்பதெல்லாம் அங்கே உண்டு. பலர் ஆண்டறிக்கையின் வண்ணப் பக்கங்களோடு நின்றுவிடுகிறார்கள்; சாரம் இந்த வறண்ட படிவங்களில்தான் இருக்கிறது. பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனங்கள் என்றால், ஸ்டார் ஹெல்த் 2021இலும் கோ டிஜிட், நிவா பூபா 2024இலும் பங்கு வெளியீட்டின்போது தாக்கல் செய்த ஆவணங்களைப் படியுங்கள். முதலீட்டாளரைச் சம்மதிக்க வைப்பதற்காகத் தங்கள் தொழிலை இவ்வளவு விரிவாக அவர்கள் வேறெங்கும் விளக்கியதில்லை.

படிவங்களைப் படிக்கும்போதுதான் கவனம் தேவை. தொழிலில் எல்லோரும் முதலில் பார்ப்பது கம்பைண்ட் ரேஷியோ. கிளெய்ம் விகிதத்தையும் செலவு விகிதத்தையும் கூட்டினால் நூறுக்குக் கீழே இருந்தால் காப்பீட்டுத் தொழிலிலேயே லாபம், மேலே போனால் முதலீட்டு வருமானத்தை வைத்துத்தான் பிழைப்பு. ஆனால் நம் நாட்டுக் கணக்கில் கிளெய்ம்களை, அந்த ஆண்டில் உண்மையில் காலம் கழிந்த பகுதிக்கான ‘ஈட்டிய’ பிரீமியத்தால் வகுக்கிறார்கள். செலவையோ அந்த ஆண்டில் ‘எழுதிய’, அதாவது விற்ற பாலிசிகளுக்கான, முழுப் பிரீமியத்தால் வகுக்கிறார்கள். இரண்டுக்கும் வகுக்கும் எண் வேறு. இதனால் என்ன ஆகிறது என்பதைக் கற்பனையான ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம்.

‘அ’ நிறுவனம் சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் நூறு கோடி எழுதியது. ஈட்டியதும் நூறு கோடி. கிளெய்ம் 70 கோடி, செலவு 35 கோடி, விகிதம் 105. நஷ்டம் ஐந்து கோடி. ‘ஆ’ நிறுவனம் சென்ற ஆண்டு அறுபது கோடியும் இந்த ஆண்டு நூறு கோடியும் எழுதியது. பாலிசிகள் ஆண்டு முழுவதும் சீராக விற்றவை என்றால், இந்த ஆண்டில் ஈட்டியது ஏறத்தாழ 80 கோடி. கிளெய்ம் அதில் 70 விழுக்காடு, அதாவது 56 கோடி. செலவு அதே 35 கோடி. கிளெய்ம் விகிதம் 70, செலவு விகிதம் 35, கூட்டினால் இதுவும் 105. ஆனால் 80 கோடி ஈட்டி 91 கோடி செலவழித்ததால் நஷ்டம் 11 கோடி. விகிதத்தை மட்டும் பார்த்தால் இருவரும் சமம். உண்மையில் ஒருவர் மற்றவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இழந்திருக்கிறார். எனவே வேகமாக வளரும் போட்டியாளரின் கணக்கை நீங்களே ஈட்டிய பிரீமியத்தின் மேல் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டில் இதன் மேல் இன்னொரு திரையும் உண்டு. புதிய பாலிசியில் முதல் முப்பது நாள் விபத்தைத் தவிர வேறு கிளெய்ம் இல்லை. குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு காத்திருப்பு. ஏற்கெனவே உள்ள நோய்க்கான உச்சவரம்பே 2024இல்தான் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஆகவே புதுப் பாலிசிகள் நிறைந்த நிறுவனத்தின் கிளெய்ம் விகிதம் இயல்பாகவே அழகாக இருக்கும். வளர்ச்சி குறையத் தொடங்கும் ஆண்டில்தான் பழைய பாலிசிகளின் எடை தெரியும். போட்டியாளரின் பிரீமியத்தில் புதியது எவ்வளவு, புதுப்பித்தல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் ‘அவர்களுடைய அண்டர்ரைட்டிங் (யாரை என்ன விலைக்குச் சேர்ப்பது என்ற கணிப்பு) நம்முடையதைவிடச் சிறப்பு’ என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். இந்த வாக்கியத்தை நான் பல அறிக்கைகளில் படித்திருக்கிறேன். பாதிக்கு மேல் அவசர முடிவுதான்.

இதோடு 2024 அக்டோபர் 1 முதல் வந்த கணக்கு மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு பாலிசிக்கு ஒருவர் 90,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினால், முன்பு முழுத் தொகையும் அந்த ஆண்டின் பிரீமியமாகக் கணக்கில் ஏறியது. இப்போது ஆண்டுக்கு 30,000 மட்டுமே ஏறும். பாலிசி பிடிக்க ஆன செலவோ அது ஆன காலத்திலேயே எழுதப்படுகிறது. நீண்ட கால பாலிசிகளை அதிகம் விற்றவரின் வளர்ச்சி அந்தத் தேதிக்குப் பிறகு தளர்ந்ததுபோலவும், செலவு விகிதம் ஏறியதுபோலவும் தெரியும். அவர் விற்பனை குறைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள காலாண்டுகளை அப்படியே ஒப்பிட்டு வரைபடம் போட்டால் அது பொய் சொல்லும். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முதலீட்டாளர்களுக்குப் பழைய முறை எண்களையும் சேர்த்துத் தருவதுண்டு. கிடைத்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

கிளெய்ம் விகிதத்தைப் பற்றிப் பொதுவெளியில் நடக்கும் விவாதமும் குழப்பமானதுதான். 2023-24இல் பொதுத்துறை நிறுவனங்களின் மருத்துவக் கிளெய்ம் விகிதம் நூறு விழுக்காட்டைத் தாண்டியது. தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அது 65ஐ ஒட்டி இருந்தது. இதைப் பார்த்து முந்தையவர் தாராளம், பிந்தையவர் கஞ்சம் என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். முந்தையவரிடம் அதிகம் இருப்பது குழுக் காப்பீடு, பிந்தையவரிடம் தனிநபர் பாலிசி. குழுக் காப்பீட்டில் விலை மலிவு, கமிஷன் குறைவு, காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இல்லை. அதனால் விகிதம் உயரும். தனிநபர் பாலிசியில் முகவர் கமிஷனும் விற்பனைச் செலவும் அதிகம். செலவுக்கான உச்சவரம்பே 2023 விதிகளின்படி பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியத்தில் 30 விழுக்காடு, தனி மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு 35. இந்தக் குழு-தனிநபர் கலவையைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் எஞ்சுகிறதா என்பதே கேள்வி. எஞ்சினால் அதற்கான விடையை நிலுவைக் கிளெய்ம், நிராகரிப்பு, புகார் விவரங்களில் தேடலாம். வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகங்களின் ஆண்டறிக்கை நிறுவன வாரியாகப் புகார்களைத் தருகிறது. அதையும் பாலிசிகளின் எண்ணிக்கையால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

விலை ஒப்பீட்டுக்கு வருவோம். ஒரு குடும்பம், ஒரு வயது, ஒரு தொகை என்று எடுத்துப் பத்து நிறுவனங்களின் பிரீமியத்தை வரிசைப்படுத்துவது பத்திரிகைகளுக்குப் போதும், உங்களுக்குப் போதாது. 25, 35, 45, 55, 65 ஆகிய வயதுகளுக்கும், ஐந்து, பத்து, இருபத்தைந்து லட்சம் தொகைகளுக்கும், இரண்டு மூன்று ஊர்களுக்கும் ஒவ்வொரு போட்டியாளரின் பிரீமியத்தை எடுத்துக் கட்டம் போடுங்கள். பிறகு உங்கள் விலையால் வகுத்துப் பாருங்கள். எந்த மூலையில் அவர் நம்மைவிட மலிவோ, அந்த மூலையைத்தான் அவர் விரும்புகிறார். முப்பது வயதில் பத்து விழுக்காடு மலிவாகவும் அறுபது வயதில் கால் பங்கு கூடுதலாகவும் இருப்பவர், முதியவர்கள் வேண்டாம் என்பதை விலையாலேயே சொல்லிவிடுகிறார். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டியே ஆலோசிக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2025 ஜனவரியில் சொன்ன பிறகு, அந்த வயதில் இன்று மலிவாக விற்பவர் நாளை நினைத்தபடி விலையைத் திருத்த முடியாது. அந்த மலிவைக் கண்டு நாமும் குறைக்க வேண்டியதில்லை.

பாலிசி வாசகத்தைப் படிக்காமல் விலையைப் பற்றி எழுதாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறை வாடகைக்கு வரம்பு உண்டா, வரம்பைத் தாண்டினால் அறைக் கட்டணம் மட்டும் குறையுமா அல்லது அதே விகிதத்தில் மருத்துவர் கட்டணமும் குறையுமா, கண்புரைக்குத் தனி வரம்பு உண்டா, அறுபது வயதுக்கு மேல் சேர்ந்தவர் பில்லில் ஒரு பங்கைத் தானே கட்ட வேண்டுமா என்பவற்றில்தான் பிரீமிய வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. பளபளப்பான புதிய அம்சங்களுக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுக்க மாட்டேன். 2022 ஜூனிலிருந்து பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை முன் அனுமதியின்றி அறிமுகப்படுத்திவிட்டுப் பிறகு தாக்கல் செய்யலாம் என்றான பின், ஒருவர் கொண்டுவரும் அம்சத்தை மற்றவர் சில மாதங்களில் நகலெடுத்துவிடுகிறார். நகலெடுக்க முடியாதவை மருத்துவமனைகளுடன் பேசி முடித்த கட்டணமும் முகவர் படையும்தான். யுனைடெட் இந்தியாவின் தலைவராக இருந்த வி. ஜெகந்நாதன் 2006இல் ஸ்டார் ஹெல்த்தைத் தொடங்கினார். பின்னர் அதிலிருந்து விலகி, 2024இல் உரிமம் பெற்ற கேலக்ஸி ஹெல்த்தில் இறங்கியிருக்கிறார். அதுவும் சென்னைதான். இப்படிப்பட்ட புதியவர் வரும்போது அவருடைய பாலிசியைவிட, உங்கள் கிளைகளில் எந்த முகவர்களும் மேலாளர்களும் விலகுகிறார்கள் என்பதைக் கவனிப்பது அதிகப் பயன் தரும்.

குழுக் காப்பீட்டுக்குச் சுருக்கமாக ஒன்று. நீங்கள் இழந்த ஒவ்வொரு கொட்டேஷனுக்கும், வென்றவர் யார், புரோக்கர் யார், விலை வித்தியாசம் எவ்வளவு, அடுத்த ஆண்டு அந்தக் கணக்கு மீண்டும் சந்தைக்கு வந்ததா என்று ஒரு பதிவேடு வையுங்கள். ஆண்டுதோறும் கை மாறும் கணக்குகளை வென்றவர் பெரும்பாலும் அடுத்த புதுப்பித்தலில் விலையை ஏற்றுவார் அல்லது விட்டுவிடுவார். அதை வைத்து அவருடைய பொறுமை எவ்வளவு நாள் என்பதைக் கணிக்கலாம்.

தகவல் திரட்டுவதில் ஓர் எல்லை உண்டு. விற்பனைக்கு வைத்திருக்கும் விலையையும் வெளியிட்ட படிவத்தையும் படிப்பது பகுப்பாய்வு. டெண்டருக்கு முன் போட்டி நிறுவனத்தின் அதிகாரியோடு உட்கார்ந்து யார் என்ன விலை போடுவது என்று பேசுவது குற்றம். கேரள அரசின் மருத்துவக் காப்பீட்டு டெண்டரில் கூடிப் பேசி விலை குறித்ததாக நான்கு பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் மொத்தம் 671 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் தொகை பெருமளவு குறைந்தது; ஆனால் கூடிப் பேசியது தவறு என்ற முடிவு மாறவில்லை. பழைய சகாக்கள் எல்லா நிறுவனங்களிலும் இருக்கும் தொழில் இது. தொலைபேசியில் சாதாரணமாகக் கேட்டுவிடும் கேள்விகூட இந்தப் பக்கம் சாயலாம்.

அறிக்கையின் வடிவத்தைப் பொறுத்தவரை, இருபத்தைந்து நிறுவனங்களை விட்டுவிட்டு, போர்ட்டபிலிட்டிப் பதிவும் இழந்த கொட்டேஷன்களும் சுட்டும் நான்கைந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் அடுத்த இரண்டு காலாண்டுகளில் அவர் என்ன செய்வார் என்று தேதியோடு எழுதுங்கள். இப்போதைக்கு நல்ல கேள்வி ஒன்று கையிலேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இல்லை, அதோடு, தாங்கள் வாங்கும் சேவைகளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் நிறுவனங்களுக்குப் போய்விட்டது. அந்தச் சுமையை முகவர் கமிஷனில் இறக்கியவர் யார், அடிப்படைப் பிரீமியத்தில் ஏற்றுகிறவர் யார், லாபத்திலிருந்து தாங்கிக்கொள்கிறவர் யார் என்று நான்கைந்து பேருக்கும் உங்கள் ஊகத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டு, காலாண்டுப் படிவங்கள் வந்ததும் அவற்றில் உள்ள கமிஷன் எண்ணையும் செலவு எண்ணையும் அதோடு ஒப்பிடுங்கள்.